கரும்புத் தொட்டிலுக்கு இரண்டு தோள்

நம் சட்ட உதவி மையத்தில் நீங்கள் இனி உட்காரப்போகும் முன்மேசையின் இடப்பக்க இழுப்பறை சரியாக மூடாது. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் அது மூடவில்லை. ஓய்வுபெற்ற பின் ஒருநாள் தேநீர் குடிக்க வந்தபோது தள்ளிப் பார்த்தேன். அதன் கொள்கை மாறவில்லை. அதற்காக நீங்கள் வருந்த வேண்டாம். கவனிக்க வேண்டியது மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களை. அவர்களில் பெரும்பாலோர் தனியாக வருவதில்லை. தமக்காகப் பேசுவதற்கு ஒருவரை அழைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

நம் குடும்பங்களின் வழக்கம் அது. கிளினிக்கில் நோயாளியைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டால் அண்ணன் பதில் சொல்வார். திருமணப் பதிவில் மணமகளிடம் சம்மதமா என்று கேட்டால் சித்தி தலையாட்டுவார். அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் வழக்கறிஞர் இல்லாமல் நீதிமன்றத்தின் படியேறுகிறவருக்கு அந்த அன்பு எவ்வளவு பெரிய இடையூறு ஆகக்கூடும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு பள்ளி வேனில்.

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு நாள். பினாங்கு முழுவதும் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நம் மையத்தின் கதவை அன்று காலை முதலில் திறந்தவர் பிரேமா. பள்ளி வேன் ஓட்டுகிறவர். குரலும் வேனின் ஹாரனும் ஏறக்குறைய ஒரே சுருதி. அவருக்குப் பின்னால் அவருடைய தங்கை சாந்தினி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையின் சீருடையோடு.

"மிஸ், இவ புள்ளைய எடுத்துட்டுப் போய்ட்டாரு இவ புருஷன். இன்னைக்கே கேஸ் போடணும்," என்றார் பிரேமா.

"உங்க பேரும்மா?" என்று தங்கையைக் கேட்டேன்.

"சாந்தினி," என்றார் பிரேமா.

நடந்தது இதுதான். சாந்தினியின் கணவர் தினேஷுக்குச் சிங்கப்பூரில் வேலை. மனைவியும் மகளும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். வேலையை விட்டுவிட்டு அங்கே ஒற்றை அறையில் அடைந்துகிடக்க முடியாது என்பது சாந்தினியின் பதில். பேச்சு சண்டையாகி, சாந்தினி மகளோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் யாழினிக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. ஞாயிற்றுக்கிழமை தினேஷ் வந்து, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் தன் தாய்வீட்டில் ஒரு பகல் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லித் தூக்கிப்போனார். மாலையில் ஆள் வரவில்லை, தொலைபேசி அழைப்பு வந்தது. பாப்பா இங்கேயே இருக்கட்டும். தைப்பூசம் முடிந்ததும் நான் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறேன் என்றாராம். குழந்தைக்குக் கடப்பிதழ் முன்பே எடுத்தாகிவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டால் திரும்பக் கொண்டுவருவது ஒரு நாள் வேலையாக இருக்காது.

இதையெல்லாம் சொன்னவர் பிரேமா. சாந்தினி ஒரே ஒரு இடத்தில்தான் வாய் திறந்தார்.

"கரும்புத் தொட்டில் கட்டறாங்க, மிஸ். இன்னொரு பக்கம் அவரோட மச்சான் தூக்கப் போறாராம்."

யாழினி குறைமாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவளைப் பார்த்துக்கொண்டு கணவனும் மனைவியும் சேர்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறார்கள்: பிழைத்து வீட்டுக்கு வந்தால், கரும்பில் தொட்டில் கட்டித் தண்ணீர்மலை முருகனிடம் தூக்கி வருகிறோம் என்று. கரும்புக் கட்டின் ஒரு முனை அப்பாவின் தோளில், மறுமுனை அம்மாவின் தோளில், நடுவில் மஞ்சள் சேலைக்குள் பிள்ளை. கடப்பிதழைப் பற்றிக் கேட்டபோது கலங்காத சாந்தினி, அந்த மச்சானின் தோளை நினைத்து அழுதார்.

இத்தகைய நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். அடித்தாரா, மிரட்டினாரா, பிள்ளைக்கு ஆபத்து உண்டா? நானும் கேட்டேன். பிரேமா மூன்றுக்கும் ஆமாம் என்றார். வேன் வழியை மறித்து நிற்கிறது போலிருக்கிறதே என்று சொல்லி அவரை வெளியே அனுப்பிவிட்டு, தங்கையிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை. ஒருவேளை அவர் ஆமாம் என்றிருந்தால் நாங்கள் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போயிருப்போம். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு உரிமையும் இருந்திருக்காது. எனவே இதை எல்லாக் குடும்பத்துக்கும் அளவெடுத்த சட்டையாக எண்ணிவிடாதீர்கள்.

அடுத்து வழக்கறிஞர். நம் மையத்துக்கு உதவுகிறவர்கள் இருவர். ஒருவர் கோலாலம்பூரில் வேறொரு வழக்கில் இருந்தார். மற்றவர்தான் எங்களுக்கெல்லாம் தொழில் கற்பித்தவர். அவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார், அதற்காக மௌன விரதம். வாய்ப்பேச்சால் வாழ்கிற மனிதருக்கு தோளில் ஏறுகிற காவடியைவிட அதுவே பாரம் என்று நினைக்கிறேன். தட்டச்சு செய்து பதில் அனுப்பினார்: "அவரே மனுப் போடலாம். அவசரம் என்றால் இன்றே பார்ப்பார்கள். விரதம் முடிந்ததும் அடுத்த விசாரணைக்கு நான் வருகிறேன். அறையில் இல்லாதவரை மறந்துவிடாதீர்கள்." கீழே ஒரு வேல் படம்.

கடைசி வாக்கியத்தை அவர் எங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். இவ்வகை அவசர மனுவை நீதிபதி ஒரு தரப்பை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கிறார். மறுதரப்புக்குத் தகவலே போயிருக்காது. அதனால், வராதவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையும் வந்தவரே சொல்லியாக வேண்டும். தனக்குப் பாதகமானதை மறைத்து ஓர் உத்தரவு வாங்கினால், அது பிறகு தெரியவரும்போது உத்தரவும் போகும், பேச்சின் மதிப்பும் போகும்.

சாந்தினியை ஒரு மேசையில் உட்காரவைத்தேன். இடைநிலைப் பள்ளியில் மலாயில் படித்தவர்; எழுத்து நேராக வந்தது. பிரேமா அருகில் நின்று வாசகம் கொடுத்தார்.

"குடிகாரன்னு போடு."

"அக்கா, அவரு பீர் வாசனைக்கே தும்முவாரு."

"தும்முறதும் ஒரு வியாதிதான். போடு."

"சோடா குடிச்சு ஏப்பம் வந்தா மன்னிப்பு கேக்கற ஆளு, அக்கா."

"அப்ப பொம்பளைங்க சகவாசம்னு போடு லா. கோர்ட்டுக்குப் போறதுன்னா வெறுங்கையோடயா போவாங்க?"

நான் இடையில் புகுந்து, நம் மேசையின் விதியைச் சொன்னேன்: மனுவில் ஒரு சொல்லும் எங்களுடையதாக இருக்காது, அக்காவுடையதாகவும் இருக்கக் கூடாது. பிறகு சாந்தினியிடம், அந்த வழக்கறிஞர் எனக்குச் சொல்லித்தந்த கேள்வியைக் கேட்டேன். "இப்ப தினேஷ் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தா என்ன சொல்லுவாரு?"

பேனா நின்றது. சாந்தினி கைப்பேசியை எடுத்து, ஞாயிறு இரவு தான் கணவருக்கு அனுப்பிய குரல் செய்தியை ஒலிக்கவிட்டார். இப்போது என் எதிரே தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற பெண்ணின் குரல்தான் அது என்று நம்புவது கடினம். "நீங்களே வச்சிக்குங்க. ஒங்க அம்மாவே வளக்கட்டும். எனக்கு வேணாம். புள்ளையும் வேணாம், நீங்களும் வேணாம்."

"கோவத்துல சொன்னது, மிஸ். காலையில எழுந்து நெஞ்சு கட்டி வலிக்குது, பால் சட்டையெல்லாம் நனையுது, அப்பத்தான் என்ன சொன்னோம்னு தெரிஞ்சுச்சு."

பிரேமா குரலைத் தாழ்த்தியதை நான் கேட்டது அன்று ஒரே முறை. "இத எதுக்கு எழுதணும், மிஸ்? அவன் காட்டுனா காட்டட்டும். அப்பப் பாத்துக்கலாம். மொதல்ல புள்ள வரட்டும்."

நண்பர்களே, அந்த வாதம் முட்டாள்தனமானது அல்ல. எழுதினால், பிள்ளை வேண்டாம் என்று சொன்ன தாயா என்று கேட்டு நீதிபதி மனுவை ஒதுக்கிவிடலாம். எழுதாவிட்டால் இன்று பிள்ளை வரலாம். இரண்டு வாரத்தில், அடுத்த விசாரணையில், தினேஷ் அந்தச் செய்தியை ஒலிக்கவிடும் நாளில் மொத்தமாகப் போகலாம். அடுத்தவர் பிள்ளையைப் பணயமாக வைத்து நேர்மையாக இருப்பது மிகவும் சுலபம் என்பதும் எனக்கு அப்போது உறைத்தது. எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வழிகளிலும் என்னென்ன நடக்கக்கூடும் என்பதை அவர் முன் வைத்தேன். கையெழுத்து உங்களுடையது, முடிவும் உங்களுடையது என்றேன்.

சாந்தினி செய்தியை மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் மலாயில் எழுதினார். அதன் கீழே, பால் கட்டியதையும் எழுதினார்.

அதன்பின் நடந்தது ஓட்டம். சத்தியப் பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரியின் அலுவலகம் சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. அதிகாரி வயதான பாய், நிதானமான மனிதர். வாக்குமூலத்தை முழுதும் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகச் சாந்தினியை நோக்கினார்.

"இதுல உள்ளதெல்லாம் உண்மைதானாம்மா?"

"சத்தியமா உண்மை," என்றார் பிரேமா.

"உங்களைக் கேக்கலைம்மா. நீங்க யாரு?"

"நான் இவ அக்கா."

"நல்லது. உண்மைதானாம்மா?"

"உண்மைதான் பாய், எனக்கும் தெரியும்."

பாய் பேனாவை மூடி வைத்தார். ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "கீழ ஒரு மஞ்ச வேனு நிக்குது. சமன் எழுதறவரு பக்கத்துல நிக்கறாரு," என்றார். அபராதத்துக்குப் பயந்து பிரேமா படிகளில் இறங்கிய சத்தம் அடங்கியதும் பேனாவைத் திறந்தார். "இப்ப சொல்லும்மா." சாந்தினி சொன்னார். அன்று யாரும் குறுக்கிடாமல் அவர் பேசிய ஒருசில வாக்கியங்களில் அது ஒன்று.

நாங்கள் கீழே வந்தபோது சமன் எழுத யாரும் நின்ற அடையாளமே இல்லை. பிரேமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஸ்கூல் விட்டுருப்பாங்க. பிள்ளைங்கள ஏத்திட்டுத்தான் கோர்ட்டுக்குப் போக முடியும்."

எனவே பினாங்கின் நீதித்துறை வரலாற்றில், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வேன் நிறைய அமர்ந்திருக்க, தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்களுக்கும் நடுவே ஊர்வலமாகப் போன அவசர மனு இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தாள்கள் கசங்கக் கூடாது என்று நான் ஒருமுறை சொன்னதால், பின்னிருக்கைப் பிள்ளைகள் நால்வர் அதைத் தங்கள் மடிகளில் மட்டமாகக் கிடத்தி, மூச்சுகூட அளந்து விட்டார்கள். பத்தாண்டாக அலுவலக உதவியாளர்களிடம் நான் எதிர்பார்த்த ஒழுங்கு அது. குறுக்கே ஒரு லாரி வந்து பிரேமா பிரேக் போட்டபோது, பைகளெல்லாம் பறந்தன, மனு அசையவில்லை.

"ஆன்ட்டி, பாப்பாவ இன்னைக்கே தருவாங்களா?" என்று இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி கேட்டாள்.

"கட்டாயம் தருவாங்க," என்றார் பிரேமா.

"உங்கள இல்ல, அந்த ஆன்ட்டிய," என்றாள் சிறுமி.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்குவதும் நம் தொழிலின் ஒரு பகுதி.

பதிவகத்தில் மனு ஏற்கப்பட்டது. நீதிபதி பிற்பகலில் பார்ப்பார் என்றார்கள். பிரேமா பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, அத்தனை வேகத்தில் எப்படி வந்தார் என்று கேட்கக் கூடாத வேகத்தில் திரும்பி வந்தார். அழைப்பு வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

"மனுதாரர் மட்டும்," என்றார் வாசலில் இருந்த அதிகாரி.

"இவளுக்குப் பேச வராதுங்க."

"மனுதாரர் மட்டும்."

கதவு மூடியது. பிரேமா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். "பாலர் பள்ளிலேருந்து நான்தான் மிஸ் இவளுக்குப் பேசறேன்," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார். நானும் நகத்தைக் கடித்தேன். இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் மூடிய கதவுக்கு வெளியே நம்மால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

உள்ளே நடந்தது சாந்தினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீதிபதி ஒரு பெண்மணி. நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி சாந்தினி அவரை 'யாங் ஆரிஃப்' என்றே விளித்திருக்கிறார். குரல் செய்தி இருந்த பத்தியில் விரலை வைத்து, இதை நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஆம் என்றதும், ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

"சொன்னது நான்தானே, யாங் ஆரிஃப். அவரு இங்க இருந்தா அதத்தான் மொதல்ல சொல்லுவாரு."

நீதிபதி மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாராம். பிறகு, அடுத்த விசாரணை வரை பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும், நாட்டைவிட்டு யாரும் கொண்டுபோகக் கூடாது, கடப்பிதழை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார். வேறு ஏதும் கேட்க வேண்டுமா என்றும் கேட்டார். பேச வராத பெண் அப்போது கேட்டதைப் பாருங்கள்.

"தைப்பூசத்தன்னைக்குக் காலையில அவரும் வரட்டும், யாங் ஆரிஃப். கரும்புக்கு ரெண்டு தோள் வேணும்."

கரும்புத் தொட்டில் என்றால் என்ன என்பதை நீதிபதிக்கு அவரே கைகளால் காட்டி விளக்கியிருக்கிறார். அதுவும் உத்தரவில் ஏறியது: அன்று காலை பெற்றோர் இருவரும் சேர்ந்து நேர்த்திக்கடனை நிறைவேற்றலாம்.

கதவு திறந்து சாந்தினி வெளியே வந்தார். சிரித்தார். அக்கா தோளை உலுக்க உலுக்கச் சிரிப்பு கூடியது. "கெடச்சுச்சா இல்லையா, சொல்லித் தொலை," என்று பிரேமா கெஞ்ச, தங்கை தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிச் சிரிக்க, எனக்கும் தொற்றிக்கொள்ள, வாசல் அதிகாரி உதட்டில் விரல் வைத்து எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அவர் முகமும் அத்தனை கண்டிப்பாக இல்லை.

புக்கிட் மெர்தாஜாமுக்குப் போய் உத்தரவைக் கொடுக்கப் பிரேமா ஒரு படையே திரட்டிவிட்டார்; மாமா இருவர், பெரியப்பா, பக்கத்து வீட்டு அண்ணே. வாசலில் இத்தனை பேர் நின்றால் உள்ளே இருப்பவர் எப்படித் தலைகுனியாமல் கதவைத் திறப்பார் என்று கேட்டேன். படை கலைந்தது. முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நாங்கள் மூவர் மட்டும் போனோம்.

தினேஷ் வாசலிலேயே நின்றிருந்தார். உயரமான மனிதர், தூங்காத கண்கள். பின்னால் தூணில் கரும்புகள் சாத்தியிருந்தன. உத்தரவை வாங்கி, மெதுவாகப் படித்தார். வாக்குமூலத்தின் நகலையும் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

"அந்த வாய்ஸ் மெசேஜையும் சொல்லிட்டியா?"

"ம்."

"அதத்தான் கோர்ட்ல போடலாம்னு வச்சிருந்தேன்."

"தெரியும். அதான் நானே போட்டுட்டேன்."

அவர் மறுபடி தாளைப் பார்த்தார். தைப்பூசம் பற்றிய வரியில் கண் வெகுநேரம் இருந்தது. உள்ளே போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் யாழினி, மறு கையில் கடப்பிதழும் பால்புட்டிப் பையும். "புட்டியில குடிக்கவே மாட்டேன்றா," என்றார், யாரையும் பார்க்காமல். குழந்தை அம்மாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்த பிடியை வேனில் ஏறும்வரை விடவில்லை.

வழக்கறிஞர் இல்லாமல் போவதை வீரம் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். வேறு வழி இல்லாத நாளுக்கான வழி அது. அடுத்த விசாரணைக்கு நம் வழக்கறிஞர் வந்தார்; விரதத்தில் சேர்ந்திருந்த பேச்சையெல்லாம் அன்று பேசித் தீர்த்தார். பிள்ளை தாயோடு, மாதத்தில் சில நாள் தந்தையோடு என்று இருவரும் சம்மதித்த ஏற்பாடு ஒன்று எழுதப்பட்டது. அவர்கள் ஒரே வீட்டுக்குத் திரும்பவில்லை. இருவரும் யாழினியின் முன் சண்டையிடுவதும் இல்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது தைப்பூசக் காலையைப் பற்றி. நான் தண்ணீர்மலை அடிவாரத்தில் நம் மையத்தின் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் பிரேமாவின் குரல் வந்தது. பிறகு தொட்டில் வந்தது. முன்னே தினேஷ், பின்னே சாந்தினி. தினேஷின் தோளுக்கும் சாந்தினியின் தோளுக்கும் ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம். கரும்பு சரிந்திருந்தது. படியில் ஏறத் தொடங்கியதும் இன்னும் சரிந்தது. மஞ்சள் சேலை வழுக்கி வழுக்கிப் பின்னால் வர, யாழினி ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் முகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தாள். கடைசியில் தலை அம்மாவின் நெஞ்சில் முட்ட, கலகலவென்று சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா மிஸ், முருகனே தீர்ப்பு எழுதிட்டாரு," என்றார் பிரேமா, பக்கத்துப் பந்தலுக்கும் கேட்கும்படி.

தினேஷ் திரும்பிப் பார்த்தார். அவரும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. தன் பக்கத்தில் வெறும் கரும்பு மட்டும் இருந்ததைப் பார்த்தார்.

"நில்லுங்க," என்றார் சாந்தினி. "மாத்திக்கலாம். நான் முன்னால வரேன்."

தொட்டிலைத் தரையில் வைக்கக் கூடாது. அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். மோர்க் குவளையைப் போட்டுவிட்டு ஓடி, ஒரு முனையை நான் தோளில் வாங்கினேன். மறுமுனையைப் பிரேமா முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார். கணவனும் மனைவியும் எங்கள் இருவருக்கும் இடையே உரசாமல் கடந்து இடம் மாறினார்கள். சில நொடிகள்தான். கரும்பு நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"கெடச்ச தீர்ப்ப யாராச்சும் இப்படித் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார் பிரேமா.

"வழிய விடுக்கா," என்றார் சாந்தினி, திரும்பாமல்.

முனைகளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் ஒதுங்கினோம். குட்டையானவர் மேல்படியில், நெட்டையானவர் கீழ்ப்படியில். கரும்பு நேரானது. யாழினி நடுவில் கிடந்தாள்.